பிஸ்கட் ஜாடியில் ஒரு பொறி

சும்மா சொல்லக்கூடாது, சில நூறு வருஷத்துக்கு முன்னால் ஐரோப்பாவில் உட்கார்ந்து கண்ணாடியைத் தேய்த்துக்கொண்டிருந்த கனவான்களால் என் வீட்டில் நடந்த சண்டை கொஞ்சநஞ்சம் இல்லை. அவர்கள் பாட்டுக்குத் தேய்த்தார்கள், எழுதிவைத்தார்கள், போய்ச் சேர்ந்தார்கள். மாட்டிக்கொண்டது நான்.

விஷயம் இதுதான். நிலைமின்சாரத்தைப் பற்றிய அந்தக் காலத்துப் புத்தகங்களைப் படித்து, தமிழில் ஒரு புத்தகம் எழுதிக்கொண்டிருக்கிறேன். நிலைமின்சாரம் என்றதும் பயந்துவிட வேண்டாம். தலை வாரிய சீப்பைக் காகிதத் துண்டுக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் துண்டு துள்ளி வந்து ஒட்டிக்கொள்ளுமே, அதுதான். கம்பி வேண்டாம், கம்பம் வேண்டாம், தேய்த்தால் போதும். திருப்பத்தூரில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்த்த காலத்தில் இந்தப் பைத்தியம் பிடித்தது. ஓய்வு பெற்ற பிறகு முற்றிவிட்டது.

ஜவ்வாது மலைமேல் காவலூரில் வீடு வாங்கியது என் பிடிவாதம். சன்னலைத் திறந்தால் புளியமரம். அதற்குப் பின்னால் சாமைக் கொல்லை, அதற்கும் பின்னால் மலை. வாழ்க்கையில் முதல் தடவையாக, உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்ள எனக்கென்று ஒரு அறை. அந்த அறைக்காக நான் யாரோடும் சண்டை போடுவேன். போட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு மலை பிடிக்கவில்லை. அவர் நில அளவை வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஊர் ஊராகப் போய்ச் சங்கிலி பிடித்து, எல்லைக்கல் நட்டு, இரண்டு பங்காளிகளையும் ஒரே நாளில் விரோதித்துக்கொண்டு வந்தவர். கண்ணால் பார்த்தால்தான் எதையும் நம்புவார். இங்கே வந்ததும் குளிர் என்று மங்கி கேப் மாட்டினார், அதற்குப் பிறகு கழட்டவில்லை. குதிகால் வலி வேறு. வெறுங்காலில் ஓரடி வைக்கக்கூடாது என்று டாக்டர் சொன்னதை வேதமாக எடுத்துக்கொண்டு, வீட்டுக்குள்ளேயும் தடிமனான ரப்பர் செருப்போடு சரக் சரக்கென்று நடப்பார். பேப்பர் மத்தியானம் வருகிறது, பரோட்டா வேண்டுமென்றால் ஆலங்காயம் போகணும், இதெல்லாம் ஒரு ஊரா என்று தினமும் ஒரு பாட்டு.

இதற்கு நடுவில் திருப்பத்தூரில் இருக்கும் அவருடைய தம்பி ஞாயிற்றுக்கிழமைதோறும் போன் போடுவார். "அண்ணே, கீழ் போர்ஷன் காலியாத்தான் இருக்குது. மாடிப்படி ஏற வேணாம், கடைத்தெரு பக்கம். மாசி முடியறதுக்குள்ள ஒரு வார்த்தை சொல்லு, பெயிண்ட் அடிக்கணும்."

இவர் போனை வைத்துவிட்டு என்னைப் பார்ப்பார். நான் பாத்திரத்தைப் பார்ப்பேன். எனக்குக் கோபம் வந்தால் பாத்திரம்தான் பேசும்.

புத்தகத்துக்கு வருகிறேன். ஆரம்பிக்கும்போதே ஒரு கொள்கை வைத்துக்கொண்டேன். என் கையால் செய்து பார்க்காத எந்தப் பரிசோதனையையும் எழுதமாட்டேன். இதைப் பெருமையாக வீட்டுக்காரரிடமும் சொல்லித் தொலைத்துவிட்டேன். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

அந்தப் பழைய ஆசாமிகள் செய்ததெல்லாம் கொஞ்சம் கூத்தா? ஒரு ஜெர்மன் நகரத்து மேயர் கண்ணாடி உருண்டைக்குள் கந்தகத்தை உருக்கி ஊற்றினார். ஆறியதும் கண்ணாடியை உடைத்து எறிந்துவிட்டு, உள்ளே இருந்த கந்தக உருண்டையைச் சுழலவிட்டு உள்ளங்கையால் தேய்த்தார். உலகத்தின் முதல் மின்சார யந்திரம் அதுதான் என்கிறார்கள். பிறகு வந்தவர்கள் கண்டுபிடித்தது என்னவென்றால், அவர் உடைத்து எறிந்தாரே அந்தக் கண்ணாடி, அதையே தேய்த்திருந்தால் போதும்!

இதைச் சொன்னபோது என் வீட்டுக்காரர் கேட்டார், "அந்தாளு பொண்டாட்டி இன்னா சொல்லியிருப்பா?"

பிரான்ஸில் ஒரு பாதிரியார் சாமியார்களை வரிசையாக நிற்கவைத்து, ஒரு ஜாடியில் சேர்த்துவைத்த மின்சாரத்தை அவர்கள் மேல் பாய்ச்சி, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் துள்ளிக் குதித்ததை எழுதிவைத்திருக்கிறார். ஹாலந்தில் ஒரு பேராசிரியர் அதே மாதிரி ஜாடியைத் தொட்டு அடி வாங்கிவிட்டு, ஒரு ராஜ்யத்தையே கொடுத்தாலும் இனிமேல் தொடமாட்டேன் என்று சத்தியம் பண்ணினார். எல்லாவற்றையும் விட மானக்கேடு மின்சார முத்தம். ஒரு அம்மாளை மின்சாரம் மண்ணுக்கு இறங்காத முக்காலி மேல் நிற்கவைத்து, யந்திரத்தோடு இணைத்துவிடுவார்கள். தைரியமுள்ள ஆண்கள் வந்து முத்தம் கொடுக்கலாம். உதடு நெருங்கும்போதே படாரென்று பொறி அடிக்கும். மூக்கைப் பிடித்துக்கொண்டு ஓடுவார்கள்.

"சீ! இதையெல்லாமா தமிழ்ல எழுதப்போற?" என்றார்.

"நான் இன்னும் அந்தப் பக்கத்துக்கு வரலை" என்று மழுப்பினேன்.

யந்திரம் செய்ய வேண்டுமே. தையல் மெஷின் ஒன்று சும்மா கிடந்தது. டீக்கடைக்காரரைக் கெஞ்சி பிஸ்கட் போடும் கண்ணாடி ஜாடி ஒன்று வாங்கினேன். ஆலங்காயத்தில் ஒரு வெல்டிங் கடையில் கொடுத்து, பெடலை மிதித்தால் ஜாடி படுத்தவாக்கில் சுழலும்படி அச்சு போட்டு வாங்கினேன். "இன்னாங்கம்மா, பிஸ்கட் தைக்கப் போறீங்களா?" என்று கேட்டார் வெல்டர்.  ஜாடியை உரசுவதற்குத் தோல் மெத்தை ஒன்று. அதன்மேல் பட்டுத்துணி வேண்டும் என்று எல்லாப் புத்தகமும் ஒரே குரலில் சொன்னது. பட்டுக்கு எங்கே போவேன்? பெட்டியைத் திறந்தேன்.

"கல்யாணப் பொடவையை வெட்டிட்டியா!" என்று அலறினார்.

"நீங்க கல்யாண வேட்டியில வண்டி தொடைச்சீங்க. நான் கேட்டனா?"

ஜாடியில் உண்டாகும் மின்சாரத்தை வாங்கிக்கொள்ள அந்தக் காலத்தில் துப்பாக்கிக் குழலைப் பட்டுக்கயிற்றில் தொங்கவிட்டார்கள். ஜவ்வாது மலையில் போய்த் துப்பாக்கிக் குழல் கிடைக்குமா என்று விசாரித்தால் வனத்துறை என்னைத்தான் தொங்கவிடும். பழைய தண்ணீர்க் குழாய்த் துண்டு ஒன்றைத் தொங்கவிட்டு, ஜாடி பக்கம் குண்டூசிகளைக் கட்டினேன். இந்தக் குழாயின் மறுமுனையில் விரலை நீட்டினால் பொறி வர வேண்டும். அதுதான் ஏற்பாடு.

வரவில்லை. ஐப்பசியில் மிதித்தேன், கார்த்திகையில் மிதித்தேன். முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். மேகம் சன்னல் வழியாக உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் ஊரில் அப்பளமே நமத்துப்போகிறது, ஜாடி என்ன செய்யும்? ஈரம் பட்டால் கண்ணாடியில் சேரும் மின்சாரம் நிற்காது, வழிந்து ஓடிவிடும். அந்தப் பழைய புத்தகங்களில் பாதி வானிலைப் புலம்பல்தான். இன்று காற்று ஈரம், ஒன்றும் நடக்கவில்லை. இன்று கூட்டம் அதிகம், அவர்கள் மூச்சின் ஈரத்தில் ஒன்றும் நடக்கவில்லை. படிக்கும்போதெல்லாம், ஐயா, எனக்கும் அதே கதிதான் என்று கத்தத் தோன்றும்.

பூனை முடியால் தேய்த்தால் நல்லது என்று ஒரு இடத்தில் படித்துவிட்டு எங்கள் பூனையைத் தூக்கினேன். அதற்கு வரலாற்றில் அக்கறை இல்லை. என் முழங்கையில் இருக்கும் கோடுகளைப் பார்த்தாலே தெரியும்.

தை பாதியில் காற்று மாறியது. மேகம் போய், மத்தியானத்தில் உதடு வெடிக்கும் காய்ந்த காற்று. ஒருநாள் வீட்டுக்காரர் மாத்திரை வாங்க ஆலங்காயம் போயிருந்தார். மிதித்தேன். குழாய்க்கு அடியில் போட்டிருந்த காகிதத் துண்டுகள் எழுந்து நின்றன. விரலை நீட்டினேன். டிக்! அரிசி நீளத்துக்கு ஒரு நீலப் பொறி. நான் போட்ட கூச்சலில் பக்கத்து வீட்டுக்காரி கொல்லையிலிருந்து களைக்கொத்தோடு ஓடிவந்தாள். பாம்பு என்று நினைத்துவிட்டாள்.

வீட்டுக்காரர் திரும்பி வந்து கேட்டார், "நான் இல்லாதப்ப மட்டுந்தான் வருமா அது?"

"நாளைக்குக் காட்றேன்."

"எனக்கு மட்டும் காட்டினா நாளைக்கு நீ ஒண்ணு சொல்லுவ, நான் ஒண்ணு சொல்லுவேன். நாலு பேரு முன்னால காட்டு. அளவைன்னா சாட்சி வேணும்." அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார், "ஒரே ஒரு பொறி. என் மேல படணும். பட்டுதுன்னா நான் வாயை மூடிக்கினு சாவற வரைக்கும் இங்கியே கிடக்கறேன். படலைன்னா மாசி முடியறதுக்குள்ள மூட்டை கட்டணும். சம்மதமா?"

எனக்கு இருந்த ஆத்திரத்தில் சம்மதம் என்றுவிட்டேன். என் அறை, என் சன்னல், என் புளியமரம், எல்லாம் ஒரு பிஸ்கட் ஜாடியை நம்பி.

பக்கத்து வீட்டுக்காரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவள். சாமையும் புளியும் அவர்கள் பிழைப்பு. என்மேல் அவளுக்கு உயிர். அவளுடைய ஊர்க்காரர்களுக்கு ஒரு வழக்கம். புதிதாக எது வந்தாலும், டிராக்டரோ, மோட்டாரோ, மாவு அரைக்கும் மெஷினோ, பூசை போடாமல் ஊர் முன்னால் ஓட்டமாட்டார்கள். ஓட்டினால் அது சொன்ன பேச்சு கேட்காதாம்.

"ஞாயித்துக்கெழம மெஷின ஓட்டறியாமே அக்கா? பூசை போட்டுட்டியா?" என்று கேட்டாள்.

"போட்டுக்கலாம், போட்டுக்கலாம்" என்று எதையோ எழுதிக்கொண்டே சொன்னேன். அந்த வாயில் அடுப்புக்கரியைப் போட.

ஞாயிற்றுக்கிழமை பொழுது அருமையாக விடிந்தது. துளி மேகம் இல்லை. ஜாடியை முதல்நாளே துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தேன். நான் குளித்து, நல்ல புடவை கட்டி, பேச்சை ஒருதரம் சொல்லிப் பார்த்துக்கொண்டு என் அறைக்கு வந்தேன். வாசலிலேயே சாம்பிராணிப் புகை.

உள்ளே பக்கத்து வீட்டுக்காரி. ஜாடியை மஞ்சள் தண்ணீரில் குளிப்பாட்டியிருந்தாள். விபூதிப் பட்டை மூன்று, நடுவில் குங்குமம். தையல் மெஷினுக்கு மாலை. பெடலுக்கு அடியில் எலுமிச்சம்பழம். நான் "ஐயோ" என்று வாயைத் திறப்பதற்குள் தேங்காயை உடைத்து, இளநீரை அப்படியே ஜாடி தலையில் ஊற்றினாள். பட்டுத்துணி, தோல் மெத்தை எல்லாம் சொதசொத.

"நல்லா இருக்குதாக்கா?" என்றாள். முகமெல்லாம் சிரிப்பு.

என்ன சொல்ல? அவள் கையில் வாழைப்பழச் சீப்பு. விடியற்காலையிலேயே எழுந்து, எனக்காக, ஆசை ஆசையாகச் செய்திருக்கிறாள். ஆத்திரத்தில் பாத்திரத்தைப் பேசவைக்கலாம் என்றால் பாத்திரமும் அவளுடையது. "ரொம்ப நல்லா இருக்குது" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவள் பக்தி என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் போனதும் முந்தானையால் துடைத்தேன். குங்குமம் குழம்பாகிவிட்டது. யந்திரத்தை நெருப்புக்குப் பக்கத்தில் வைத்துச் சூடாக்கலாம் என்று புத்தகங்கள் சொல்லும். தையல் மெஷினைக் கேஸ் அடுப்புப் பக்கம் தள்ளிக்கொண்டு போவதற்குள் ஆட்கள் வந்துவிட்டார்கள்.

நாலு பேர் முன்னால் என்றார் வீட்டுக்காரர். பாதி ஊரை அழைத்திருந்தார் மனிதர்! ஊருக்குத் தலைவரான ஊர்க் கவுண்டர் வெள்ளைச் சட்டையில் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். பூசை நடந்த இடம் என்பதால் எல்லாரும் செருப்பை வாசலிலேயே விட்டுவிட்டு வந்தார்கள். செருப்போடு உள்ளே இருந்தது என் வீட்டுக்காரர் ஒருத்தர்தான். "சார், செருப்பு..." என்று பக்கத்து வீட்டுக்காரி இழுத்ததற்கு, "டாக்டர் சொல்லியிருக்காரும்மா" என்று முடித்துவிட்டார். மங்கி கேப், கம்பளிச் சால்வை, டெரிலின் பேன்ட். கடைசி வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, ஜட்ஜ் கணக்காக உட்கார்ந்துகொண்டார்.

ஆறு பேர் இருக்கவேண்டிய அறையில் அத்தனை பேரும் மூச்சு விட்டார்கள். சன்னல் கண்ணாடியே வியர்த்தது. நான் மேயர் கதை சொன்னேன், சாமியார்கள் துள்ளிய கதை சொன்னேன். முத்தக் கதையை விட்டுவிட்டேன். "இப்போது பாருங்கள்" என்று சொல்லிப் பெடலை மிதித்தேன். எலுமிச்சம்பழம் பச்சக்கென்று நசுங்கியது. எல்லாரும் கை தட்டினார்கள்.

ஜாடி சுழன்றது. வேகம் பிடித்தது. பிடித்ததும் அதில் மிச்சமிருந்த மஞ்சள் தண்ணீரும் இளநீரும் குங்குமமும் நாலா பக்கமும் தெறித்தன. கவுண்டரின் வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து இடுப்பு வரை சிவப்புப் புள்ளிகள். ஐயோ தொலைந்தோம் என்று காலை எடுத்தேன். அவரோ சாவகாசமாக முகத்தில் பட்டதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பின்னாலிருந்தவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பின்வரிசை ஆட்கள், "எங்களுக்குப் படலை, இன்னொருவாட்டி சுத்துங்கம்மா" என்றார்கள்.

"நல்ல மெஷினு" என்றார் கவுண்டர். "பூசாரி இல்லாமயே தீர்த்தம் தெளிக்குது."

கடைசி வரிசையிலிருந்து ஒரு சத்தம். என் வீட்டுக்காரர் சிரித்துக்கொண்டிருந்தார். சாதாரணச் சிரிப்பு இல்லை. நாற்காலியில் முன்னும் பின்னும் புரண்டு, சால்வையை வாயில் திணித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். நான் மிதித்தேன், மிதித்தேன், குழாய்க்குப் பக்கத்தில் விரலை வைத்துக்கொண்டு மிதித்தேன். பொறியும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. ஒரு காகிதத் துண்டு கூட அசையவில்லை.

ஜனங்களுக்குக் குறையே இல்லை. சந்தோஷமாக எழுந்து வாசலுக்குப் போனார்கள். அங்கே பக்கத்து வீட்டுக்காரி சர்க்கரைப்பொங்கல் இறக்கிவைத்திருந்தாள். குறை எனக்குத்தான். தோற்றுவிட்டேன். சமையலறையில் நின்று சன்னல் வழியாகப் புளியமரத்தைப் பார்த்தேன். இதை விட்டுவிட்டுக் கீழே போய், கடைத்தெரு ஹாரன் சத்தத்தில், கதவில்லாத முன்னறையில் உட்கார்ந்து நான் என்ன எழுதுவேன்? 

"காப்பி எங்க?" என்று வெளியிலிருந்து ஜெயித்தவர் குரல்.

அவர் வெயிலில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நடந்ததை இன்னொரு தடவை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஜாடி சுற்றுவது மாதிரி உட்கார்ந்த இடத்திலேயே சுற்றிச் சுற்றிக் காட்டினார். கூட்டம் சிரித்தது. காய்ந்த காற்று அடித்துக்கொண்டிருந்தது. நான் காப்பியை வேண்டுமென்றே ஆறவைத்து, எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, வெறுங்காலோடு மண்ணில் நடந்து போய், முகத்தைத் திருப்பிக்கொண்டு நீட்டினேன்.

"வாங்க விஞ்ஞானி!" என்று நாற்காலியிலிருந்து சடாரென எழுந்து, ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கையை நீட்டினார்.

டப்!

அவர் விரலுக்கும் டம்ளருக்கும் நடுவில். அந்த வெயிலில் கண்ணுக்குத் தெரியவில்லை, ஆனால் என் விரல் வழியாக முழங்கை வரை சுளீரென்று இழுத்தது. டம்ளர் பறந்தது. காப்பி அவர் சால்வையில். "ஆ!" என்று கத்தி, விரலை வாயில் வைத்துக்கொண்டார்.

எனக்குச் சட்டென்று புரிந்துவிட்டது. ரப்பர் செருப்பு, பிளாஸ்டிக் நாற்காலி, கம்பளி, டெரிலின், அதன்மேல் ஒரு மணி நேரச் சிரிப்பு. இந்த மனிதர் தன்னைத் தானே தேய்த்துக்கொண்டிருக்கிறார்! எங்கள் கால் எல்லாம் மண்ணில், ஏறுவதெல்லாம் இறங்கிவிடும். அவர் ஒருத்தர்தான் மண்ணைத் தொடாமல் இருந்தார்.

"இன்னா ஆச்சு சார்?" என்று எல்லாரும் கேட்டார்கள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். விரலை வாயிலிருந்து எடுத்தார்.

"ஒண்ணுமில்ல" என்றார். "காப்பி சூடு."

அந்தக் காப்பி பச்சைத்தண்ணி மாதிரி ஆறிக்கிடந்தது என்பது எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். அவ்வளவு பேர் முன்னால் ஒரு பொய்! எல்லைக்கல் நட்ட மனிதன்!

"பட்டுதா இல்லையா?" என்று அன்றைக்கு மத்தியானமே கேட்டேன்.

"இன்னா பட்டுது?"

"பொறி."

"கை நழுவிடுச்சி. யாராவது பார்த்தாங்களா? சாட்சி இருக்குதா?"

அதற்குமேல் நான் பேசவில்லை. பாத்திரங்கள்கூடப் பேசவில்லை. அப்படி ஒரு கோபம். அவர் டீக்கடையில் கேட்டு அட்டைப் பெட்டிகள் வாங்கிவந்து வைத்தார். எழுதிவைத்த தாள்களையும் அச்செடுத்த பழைய புத்தகங்களையும் ஒவ்வொன்றாக அடுக்கினேன். மாசி முடியப்போகிறது. ஒவ்வொரு பெட்டியையும் மூடும்போது ஒரு அழுகை. அவர் காதில் விழட்டும் என்று கொஞ்சம் சத்தமாகவே அழுதேன்.

ஒன்று மட்டும் விநோதமாக இருந்தது. மூடிவைத்த பெட்டி மறுநாள் திறந்திருக்கும். தாள்கள் வரிசை மாறியிருக்கும். பூனையைச் சந்தேகப்பட்டேன்.

ஒரு மத்தியானம் பக்கத்து வீட்டுக்காரியோடு புளி உலுக்கப் போயிருந்தேன். கடைசியாக ஒருதரம் அந்த மரத்தடியில் நிற்கலாம் என்றுதான். கூடையோடு திரும்பும்போது என் அறைச் சன்னல் பக்கமாக வந்தோம். அவள் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அக்கா, சாரு இன்னா பண்றாரு?"

உள்ளே என் அறையில், நடுவில் பிளாஸ்டிக் நாற்காலி. அதில் மங்கி கேப்போடு என் வீட்டுக்காரர். சால்வையை நாற்காலி முதுகில் பரபரவென்று தேய்த்தார். பிறகு உட்கார்ந்த இடத்திலேயே முன்னும் பின்னும் அசைந்தார். சடாரென்று எழுந்து, சன்னல் கம்பிக்கு விரலை மெல்ல மெல்ல நீட்டினார். டப்! "ஆ!" என்று குதித்தார். விரலை வாயில் வைத்துக்கொண்டு, தனக்குத்தானே கிக்கிக்கென்று சிரித்தார். மறுபடி போய் உட்கார்ந்தார், மறுபடி தேய்த்தார். மடியில் என் தாள்கள் விரிந்திருந்தன. ராஜ்யத்தைக் கொடுத்தாலும் தொடமாட்டேன் என்ற பேராசிரியருக்கு வராத தைரியம் இவருக்கு வந்திருந்தது.

"சன்னலுக்கு இன்னாத்துக்குக்கா கும்பிடு போட்டுப் போட்டு எழுந்திருக்கறாரு?"

எனக்குச் சிரிப்பு அடக்கமுடியவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சொன்னேன், "இப்ப அவருதாண்டி மெஷினு."

சொல்லியிருக்கக்கூடாது. அவள் கண் விரிந்தது. "அய்யய்யோ, பூசை போடலியே!" என்று கூடையைப் போட்டுவிட்டு ஓடினாள். நான் பின்னால் ஓடினேன். எனக்கு வயசாகிவிட்டது, அவள் மலையில் ஏறி இறங்கும் கால். நான் வாசலுக்கு வருவதற்குள் அவள் வீட்டிலிருந்து மஞ்சள் தண்ணிச் சொம்பும் குங்குமமுமாக உள்ளே நுழைந்துவிட்டாள். அப்போதுதான் எழுந்து விரலை நீட்டிக்கொண்டிருந்தவர் தலையில் ஒரு கை தண்ணீரைத் தெளித்தாள். மங்கி கேப் மேலேயே குங்குமம் வைத்தாள்.

"ஏய் ஏய், தண்ணி ஆவாதும்மா!" என்று அலறினார். "ஈரம் பட்டா ஒண்ணியும் வராது! அத்தனையும் வழிஞ்சி ஓடிப்பூடும்! பொஸ்தகத்துல பக்கம் பக்கமா போட்டிருக்குது, நீ இன்னா..."

அப்போதுதான் கதவருகில் நின்ற என்னைப் பார்த்தார்.

மங்கி கேப்பிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டியது.  கேட்க என்ன இருக்கிறது? இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். பக்கத்து வீட்டுக்காரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, மிச்சத் தண்ணீரை நாற்காலிக்கும் தெளித்தாள்.

அவர் மெதுவாகப் போனை எடுத்தார். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு தம்பியின் நம்பரைத் தேடினார். ஸ்பீக்கரில் போட்டார். சாட்சி வேண்டுமே.

"தம்பி, கீழ் போர்ஷனை வேற யாருக்காவது விட்ருப்பா."

"இன்னாண்ணே திடீர்னு? மாசிக்குள்ள வர்றேன்னியே?"

"இப்ப வர முடியாது. இனிமே வெயில் காலம். காத்து நல்லா காய்ஞ்சி இருக்கும். எனக்கு இங்க வேலை இருக்குது."

"சரி, மழை ஆரம்பிச்சதும் வா."

"அது எப்பிடி? மழை வந்தா ஈரம். ஒரு வேலையும் நடக்காது. அடுத்த தை வரைக்கும் இங்கியேதான் காத்திருக்கணும்."

தம்பி குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அண்ணி பக்கத்துல இருக்காங்களா? உனக்கு உடம்பு ஏதாவது..." என்றார். இவர் போனை அணைத்துவிட்டார்.

நான் போய் அட்டைப் பெட்டிகளைத் திறக்க ஆரம்பித்தேன்.   பக்கத்து வீட்டுக்காரி புளிக்கூடையைத் தேடிக்கொண்டு போனாள். அவர் ஈரச் சால்வையையும் மங்கி கேப்பையும் கொடியில் காயப்போட்டுவிட்டு வந்தார். இந்த ஊருக்கு வந்த பிறகு அவர் தலையை நான் பகலில் பார்த்தது அன்றைக்குத்தான். நரைத்த முடி எல்லாம் நட்டுக்கொண்டு நின்றது.

என் பக்கத்தில் நின்று, எதையோ தேடுவது மாதிரி தாள்களைப் புரட்டினார்.

"மேயர் வந்தாச்சு. சாமியாருங்க வந்தாச்சு" என்றார். "அந்த முக்காலிப் பக்கம் எங்க? எழுதலியா நீ?"

"எந்த முக்காலி?" என்றேன், தெரியாத மாதிரி.

"அதான், அந்த அம்மா ஏறி நிக்கும்ல." அவர் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டார். "கைப்பட செஞ்சி பார்க்காம எதையும் எழுத மாட்டேன்னு சொன்னது நீதான். நான் இல்ல."

நான் அடுப்படிக்குப் போய் பிளாஸ்டிக் முக்காலியை எடுத்துவந்து, ஈரம் போக முந்தானையால் நன்றாகத் துடைத்தேன். வாசல் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். இதற்கும் பூசை போட அவள் வந்துவிடக்கூடாது.